வெயிலைத் தாங்கிய ஸ்டிக்கர்

மேடவாக்கத்தில் ஓர் அப்பார்ட்மென்டுக்குக் கீழே இருக்கும் சூப்பர் மார்க்கெட்டில் அம்மாவின் கருவாட்டை வைக்க ஒப்புக்கொண்டார்கள். நிபந்தனை ஒன்றுதான்: பாக்கெட்டில் தேதியும் பார்கோடும் தெளிவாக இருக்க வேண்டும். அதுவரை அம்மா இரும்புலியூரில் தெருத்தெருவாகக் கூடை சுமந்து விற்றவள். வீட்டில் காலேஜ் படியேறிய முதல் ஆள் நான் என்பதால் ஸ்டிக்கர் என் பொறுப்பு.

கூரியர் ஆபீஸில் வேலை செய்யும் நண்பனின் சின்ன பிரிண்டரை இரவல் வாங்கினேன். மை, ரிப்பன் எதுவும் வேண்டாம். சூட்டிலேயே எழுத்து விழும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் முதல் லாட் முழுதும் திரும்பி வந்தது. ஸ்டிக்கர் சாம்பல் பூத்துக் கிடக்கிறது, மெஷின் படிக்கவில்லை என்றார் மேனேஜர். சனிக்கிழமை வரை டைம் கொடுத்தார். அப்போதும் சரியில்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாராம்.

பிரிண்டரைத் திட்டிக்கொண்டே இருந்தவன், மறுநாள் மத்தியானம் எதேச்சையாக மாடிக்குப் போனேன். ஸ்டிக்கர் ஒட்டிய கவர்களில் கருவாட்டைப் போட்டு, வாயைத் திறந்தபடியே தகரத்தின் மேல் வரிசையாக வைத்திருந்தாள் அம்மா. சீல் வைக்கும் முன் கடைசி வெயிலாம். சூட்டில் எழுத்து விழும் தாள், வெயில் சூட்டிலும் கறுத்திருக்கிறது.

"ஸ்டிக்கரை அப்பறமா ஒட்டக் கூடாதாம்மா?"

"கருவாட்டுத் தூள் பட்ட கவர்ல ஒன் ஸ்டிக்கர் நிக்குமா? வெயில் காட்டாத கருவாடு ரெண்டே நாள்ல பூஞ்சை புடிச்சிக்கும். படிச்சவன்தானே, வெயில தாங்கற மிசின வாங்கியா."

அவள் சொன்னது நியாயம். தாம்பரத்தில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் ப்ளூடூத், வேகம் என்று அடுக்கி, ரிப்பன் இல்லாத மாடலையே நீட்டினார். பக்கத்தில் ரிப்பன் போட்டு அச்சடிக்கும் இன்னொன்று இருந்தது. அதுவும் மேஜை மூலையில் அடங்குகிற அளவுதான். இரண்டிலும் ஒரு ஸ்டிக்கர் அடித்துத் தரச் சொன்னேன், மாடியில் காயவைத்துப் பார்க்க வேண்டும் என்று.

அவர் சிரித்துவிட்டார். "கருவாடு காயும், சரி. ஸ்டிக்கருமா காயணும் தம்பி?"

இரண்டு மத்தியானம் தகரத்தில் கிடந்த இரண்டையும் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். ரிப்பன் இல்லாமல் அடித்ததில் தாள் சாம்பலாகி எழுத்தே மங்கிவிட்டது. ரிப்பனில் அடித்தது புதுசு போல இருந்தது, மேலே எண்ணெய் தடவித் தேய்த்தும்கூட. மனிதர் ரிப்பன் மாடலை எடுத்து பேக் செய்தார்.

சனிக்கிழமை அம்மாவும் கூட வந்தாள். வழக்கம்போல வெயில் காட்டிய பாக்கெட்டுகள்தான். மேனேஜர் ஒன்றை எடுத்து ஸ்கேனர் முன் காட்டினார். பீப் என்றது. திரையில் 'நெத்திலி' என்று வந்தது. இரண்டாவது, மூன்றாவது, எல்லாமே பீப். அலமாரியில் அடுக்கச் சொல்லிவிட்டு, அடுத்த வாரம் இரண்டு மடங்கு வேண்டும் என்றார்.

அம்மா நகரவில்லை. கூடையிலிருந்து இன்னொரு பாக்கெட்டை எடுத்து நீட்டினாள்.

"இன்னொரு தபா அடிச்சுக் காட்டு சார்."