ட்ரோனுக்கு வைத்த பொட்டு

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் என்ன வேண்டும் என்று மகளிடம் கேட்டேன். ட்ரோன் என்றாள். எங்கள் வீடு கே.கே. நகரில். ஏர்போர்ட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் அதை எங்கே பறக்கவிடுவது? "வீட்டுக்குள்ளயே ஓட்டுற குட்டி ட்ரோன் இருக்கும்மா" என்றாள். எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. அது வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. ஸ்கேட்டிங் ஷூவும் கீபோர்டும் ஏற்கெனவே பரணில் தூங்குகின்றன. இதுவும் அங்கேதான் போகப்போகிறது என்று முணுமுணுத்தேன். ஆனாலும் அவள் வாய்விட்டு ஒன்றைக் கேட்பதே அபூர்வம். சனிக்கிழமை சிங்காரத்தோப்புப் பக்கம் ஒரு கடைக்கு அழைத்துப்போனேன்.

என் கண் நேராகக் கேமரா வைத்த பெரிய ட்ரோன் மேல் போயிற்று. கல்யாணங்களில் தலைக்கு மேல் சுற்றுமே, கிட்டத்தட்ட அந்த ரகம். "கொஞ்சம் மேல போட்டா இதையே வாங்கிடலாமே" என்றேன்.

"கேமரா இப்ப வேணாம்மா. முதல்ல விழாம ஓட்டக் கத்துக்கணும். றெக்கையைச் சுத்தி வளையம் இருக்கணும். இன்னொரு பேட்டரி வேணும். உடைஞ்சா மாத்துறதுக்கு றெக்கை கிடைக்கணும்."

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். கடைக்காரர் அவள் கட்சியில் சேர்ந்துவிட்டார். "பாப்பா சரியாத்தான் சொல்லுதுங்க மேடம்" என்று உள்ளங்கை அளவில் ஒன்றை எடுத்து வைத்தார். "வயித்துல ஒரு குட்டிக் கண்ணு இருக்கு. தரையைப் பார்த்துக்கிட்டே ஒரே இடத்துல நிக்கும். புதுசா ஓட்டுறவங்களுக்கு இதாங்க நல்லது." அவர் காட்டியதை நான் எங்கே பார்த்தேன்? அந்தப் பெரிய கேமராவிலிருந்து எனக்குக் கண்ணை எடுக்க மனம் வரவில்லை. கடைசியில் அவள் கேட்ட குட்டியைத்தான் வாங்கினோம்.

எங்கள் வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் தொட விடமாட்டேன். ஸ்கூட்டிக்கு வைத்தேன், மிக்ஸிக்கு வைத்தேன், இன்வெர்ட்டரைக்கூட விடவில்லை. அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் ட்ரோனை எடுத்துச் சாமி அலமாரி முன்னால் வைத்தேன். மேலே எங்கும் றெக்கைதான், பொட்டு வைக்க இடமே இல்லை. திருப்பிப் பார்த்தேன். நடுவயிற்றில் கறுப்பாக ஒரு வட்டம். பொட்டுக்கென்றே விட்டுவைத்த இடம்போல இருந்தது. சந்தனத்தைக் குழைத்து நன்றாக வைத்தேன்.

ஹாலில் சோபாவை ஓரமாகத் தள்ளினோம். ட்ரோன் எழும்பியது. எழும்பிய வேகத்தில் ஜன்னல் பக்கம் நகர்ந்தது. அவள் இழுத்துப் பிடிக்கப் பார்த்தாள். அது சுவரில் முட்டி, திரும்பி, சாப்பாட்டு மேசையில் திறந்திருந்த வத்தக்குழம்பில் போய் விழுந்தது. சுவரெல்லாம் குழம்பு.

"உனக்கு இதுவரைக்கும் எதுதான்டி ஒழுங்கா வந்திருக்கு?" என்று கத்தினேன்.

அவள் துணியை எடுத்து வந்தாள். சுவரைத் துடைத்தாள். ட்ரோனைத் துடைத்து டப்பாவில் போட்டு மூடினாள். சொன்ன சொல் எனக்கே சுருக்கென்று தைத்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் பழக்கம் என்னிடம் கிடையாது.

அதன்பிறகு ஒரு வாரம் டப்பா அலமாரி மேலேயே இருந்தது. பரணுக்குப் போனால்கூடப் பரவாயில்லை. இனி இந்தப் பெண் என்னிடம் எதையுமே கேட்கமாட்டாளோ என்பதுதான் என் பயம். ஒருநாள் ஸ்ரீரங்கத்தில் ஆபீஸ் முடிந்து வரும் வழியில் இறங்கி, சண்டை போடவே அந்தக் கடைக்குப் போனேன்.

"என்னங்க இது, ஒரு இடத்துல நிக்கவே மாட்டேங்குது?"

"கீழ இருக்குற கண்ணை ஏதாச்சும் மறைச்சிருக்கா பாருங்க மேடம். தூசி, ஸ்டிக்கர் அந்த மாதிரி."

"சந்தனம்" என்றேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவளிடம் சொன்னேன். "தப்பு என்னோடதுடி. அந்தக் கண்ணு மேல சந்தனம் வச்சது நான்தான். நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது." அவளிடம் நான் இப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன்.

"தெரியும்மா. அன்னிக்குத் துடைக்கறப்பவே பார்த்துட்டேன்."

"அப்புறம் ஏன் ஓட்டவே இல்ல?"

"தினமும் ஓட்டுறேனே. நீ ஆபீஸ் போனப்புறம். நீ இல்லாதப்ப நல்லா வருதும்மா."

குத்திக்காட்ட வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. மழை வருது என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது.

"எனக்கு ஒரு தடவை ஓட்டிக் காட்டுறியா?"

"நீ பார்த்தா கை நடுங்கும்மா."

"அப்ப நான் திரும்பி நின்னுக்கறேன்" என்று சுவரைப் பார்த்து நின்றேன். முதுகுக்குப் பின்னால் றெக்கைச் சத்தம் எழும்பியது. 'பார்த்து, பார்த்து' என்று நாக்கு நுனி வரை வந்ததை மூன்று முறை விழுங்கினேன். சத்தம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஒரே இடத்தில் நின்றது.

"இப்பத் திரும்பும்மா" என்றாள்.

நான் திரும்பினால் அது விழுந்துவிடுமோ என்று பயந்துகொண்டு அப்படியே நின்றேன்.