அழகம்மாவுக்கு ப்ரஷர் இல்லை

காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுக்கக் கிளம்புமுன் அழகம்மா வாசற்படியில் உட்கார்ந்து, வீங்கிய கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்துவாள். விரலை எடுத்ததும் பள்ளம் தெரியும். ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள். முன்பெல்லாம் எட்டு எண்ணுவதற்குள் பள்ளம் மேடாகிவிடும். இப்போது பதினைந்து ஆகிறது.

நோர்வூட் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் இருபது வருடமாகக் கொழுந்து பறிக்கிறாள். சிறுநீரகத்தில் அழற்சி, உடம்பின் சத்து சிறுநீரில் கசிகிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். டொக்டர் யோகேஸ்வரன் தன் ஆராய்ச்சியில் அவளைச் சேர்த்து மாத்திரை அட்டைகள் கொடுத்தார். மாதம் முடிந்ததும் வெறும் அட்டைகளைத் திருப்பித் தர வேண்டும். தோட்டத்து மருந்துக்காரர் கணேசமூர்த்தி அட்டையைப் பார்த்து, "இது ப்ரஷர் மாத்திரையாச்சே" என்றார்.

அங்கேதான் குழம்பிப்போனாள். கையில் பட்டி சுற்றிக் காற்றடிக்கும்போதெல்லாம் ப்ரஷர் நல்லா இருக்கு என்றுதானே சொல்கிறார்கள்? ஆள் மாறிவிட்டதோ? படித்தவரிடம் எப்படிக் கேட்பது? ஒட்டி ஒட்டி வீடுகள் நிற்கும் லயத்தில் எந்த மருந்தும் அந்த நோய்க்காரரைத் தேடிப் போய்விடும். சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த காம்பராவில் இருக்கும் மனோரஞ்சிதத்துக்குத்தான் ப்ரஷர்.

"எனக்கு எதுக்குக்கா? நீங்க போடுங்க. அட்டைய மட்டும் தந்துருங்க."

"மகராசி! ஒங் கையால வெஷம் குடுத்தாலும் முழுங்குவேன்டி."

அட்டைகள் ஒழுங்காகக் காலியாகி வந்தன. "தலச்சுத்தே இல்லடி" என்றாள் மனோரஞ்சிதம்.

மூன்றாம் மாதம் டொக்டர் தாள்களைத் திரும்பத் திரும்பப் புரட்டினார். "கசிவு கூடியிருக்கேம்மா. இந்த மாத்திரை உங்களுக்குக் கேக்கல. நிறுத்திருவோம். இப்படியே போனா கண்டிக்குப் போய் ரத்தம் சுத்தம் பண்ண வேண்டி வரும்."

அழகம்மா நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

"ஐயா... நான் போடவே இல்லீங்க. எனக்குத்தான் ப்ரஷர் இல்லீங்களே."

டொக்டர் பேனாவை மூடினார். மறுபடி திறந்தார்.

"அப்ப மூணு மாசமா நான் யாரோட கிட்னியப் பத்தி எழுதுனேன்?"

ப்ரஷருக்கென்று வந்த மருந்துதான், ஆனால் கசிவையும் குறைக்கும், அழற்சியையும் தணிக்குமா என்றுதான் பார்க்கிறோம் என்று விளக்கினார். பாதிதான் விளங்கியது. ஆராய்ச்சியிலிருந்து அவள் பேரை வெட்டினார், மாத்திரையை வெட்டவில்லை. முதல் மாத்திரையை அவர் முன்னாலேயே விழுங்கினாள்.

பொங்கலுக்குள் கணுக்கால் எண்ணிக்கை பத்துக்கு இறங்கியது. மனோரஞ்சிதத்தின் மருந்தைப் பிடுங்கிக்கொண்டோமே என்ற உறுத்தல் மட்டும் போகவில்லை. அவள் அதில் ஒன்றைக்கூட விழுங்கவில்லை என்பது அதை அவளிடமே சொன்னபோதுதான் தெரிந்தது.

"கிட்னி மாத்திரைய நான் எப்படிப் போடுறதுன்னு ஒரே கொழப்பம்டி. வேணாம்னா ஒம் மொகம் சுருங்கிருமே. ஒண்ணொண்ணாப் பிதுக்கி, லயத்துக்குப் பின்னால கோவா நட்ட பாத்தியில பொதச்சுட்டேன்."