குழலுக்கேற்ற குண்டு

எங்கள் வீட்டில் இருந்த ரைஃபிள் தாத்தா காலத்தது. சீமைக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரரிடம் அவர் வாங்கியது. பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் இருந்தது. அதைப் புதுப்பிக்க மட்டும் அப்பா தஞ்சாவூருக்குப் போய்வருவார். அவர் சுட்டு நான் பார்த்ததில்லை.

என்ஜினீயரிங் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த அண்ணன் அந்த வருஷம் அதைக் கையில் எடுத்தான். நான் பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஆசிரியை. தாத்தாவின் பெட்டியில் பித்தளைத் தோட்டாக் கூடுகளும், குண்டு வார்க்கும் இரும்பு அச்சும் இருந்தன. வெடிமருந்தை லைசென்ஸைக் காட்டித் தஞ்சாவூரில் வாங்கினான். ஈயத்துக்கு நாகப்பட்டினம் போனான். மீன்வலையில் கட்டும் ஈயத்தை ஒரு பை நிறைய வாங்கிவந்து கொல்லை அடுப்பில் உருக்கினான். அதற்கு எடுத்த கரண்டியை அம்மா மறுபடி சமையலறைக்குள் விடவில்லை.

ஆற்றுப் படுகையில், மண்கரைக்கு முன்னால் பலகை நட்டு, தாள் ஒட்டிச் சுட்டுப் பார்த்தான். பாதிக் குண்டுகள் பலகையிலேயே படவில்லை. பட்டவையும் தாளை நீளவாக்கில் கிழித்திருந்தன.

"புரண்டு புரண்டு போகுது. குழல் தேஞ்சு அகண்டுபோச்சு. குண்டு உள்ள பிடிக்காம நழுவுது" என்றான்.

மெத்தென்ற ஈயத் துண்டு ஒன்றைக் குழலின் ஒரு முனையில் வைத்து, மரக்கோலால் தட்டித் தட்டி மறுமுனை வழியாக வெளியே எடுத்தான். குழலின் உள்ளே வெட்டியிருந்த வரிகள் அதில் அப்படியே பதிந்திருந்தன. ஸ்க்ரூ கேஜில் அளந்தபோது, அச்சில் வார்த்த குண்டைவிட அது மயிரிழை பெரிதாக இருந்தது. கும்பகோணத்து லேத் பட்டறையில் அச்சைக் கடைந்து பெரிதாக்கிக்கொண்டு வந்தான். அது போதாமல் மறுபடி போனான். சாயங்காலமானால் படுகையில் சத்தம் கேட்கும். வேறெதிலும் அவன் மனம் செல்லவில்லை.

கழக ஆட்சி வந்திருந்த காலம். கூலிக்காக எங்கும் சிவப்புக் கொடி ஏறியிருந்தது. சில ஊர்களில் குடிசைகள் எரிந்தன. சில ஊர்களில் மிராசுதார்கள் வெட்டுப்பட்டார்கள். எங்கள் ஊரில் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. சம்பா நடவு தொடங்க வேண்டிய நாளில் பெண்கள் எங்கள் வயலுக்கு வரவில்லை. நாற்று முற்றிக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து, நடவுக்கு ஆள் திரட்டிவரும் பெண்மணி இன்னும் மூன்று பேருடன் வாசலுக்கு வந்தார்.

"ஏன் வரல?" என்றார் அப்பா.

"தெனம் வெடிச்சத்தம் கேக்குதுங்க. யாருக்குன்னு தெரிஞ்சிக்கிட்டு வயல்ல எறங்கலாம்னு இருக்கோம்."

அண்ணன் உள்ளே ஓடிப்போய்த் தாள்களை எடுத்துவந்து தரையில் பரப்பினான். கேட்க ஒருவர் வந்ததில் அவனுக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

"யாருக்கும் இல்ல. இங்க பாரு. முன்னாடி இப்படிக் கோணலாக் கிழிச்சுது, குண்டு சின்னது. இப்ப அளவு சரியாயிடுச்சு. எல்லாம் வட்டமா விழுது."

அவர் குனிந்து ஓட்டை ஒன்றை விரலால் தொட்டுப் பார்த்தார். "முன்ன நேராப் போவலீங்களா?"

"போகல."

"இப்ப போவுதுங்களா?"

"நூல் புடிச்ச மாதிரி போகுது."

அவர் நிமிர்ந்தார். "அப்ப முன்னைக்கு இப்பதாங்க பயம்."

அண்ணனின் காது சிவந்தது. தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தான். "நான் யாரையும் சுட மாட்டேன்."

"நீங்க சுட மாட்டீங்க. நாளைக்கு வேற ஒருத்தரு இரவல் கேட்டா, ஐயா இல்லைம்பாங்களா?"

முந்தின வாரம்தான் பக்கத்து ஊர் மிராசுதார் ஒருவர் வந்து அதையே கேட்டுவிட்டுப் போயிருந்தார். பார்க்கலாம் என்று அப்பா சொன்னது எனக்குக் கேட்டது. அண்ணன் அன்று கும்பகோணத்தில் இருந்தான்.

"யாராவது கேட்டாங்களாப்பா?" என்றான் அவன்.

அப்பா தெருவைப் பார்த்தார். "கேட்டாங்க" என்று நான் சொன்னேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அண்ணன் துப்பாக்கியைக் கோணிச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தான். "ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடலாம். லைசென்ஸ் உங்க பேர்ல இருக்கு. நீங்களும் வரணும்."

அப்பா சட்டை போட்டுக்கொண்டு கிளம்ப வெகுநேரம் ஆயிற்று. அந்தப் பெண்மணி அதுவரை வாசலிலேயே நின்றார். நான் மோர் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிக் குடித்தார்.

ஸ்டேஷனில் இருந்த ஏட்டு குழலை எட்டிப் பார்த்து, "பழசாச்சே, சுடுமா?" என்று கேட்டாராம். "இப்ப நல்லா சுடும்" என்றானாம் அண்ணன். கூலித் தகராறு அடங்கும்வரை அங்கேயே இருக்கட்டும் என்று அப்பா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். பக்கத்து ஊர் மிராசுதார் அதன்பின் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

மறுநாள் காலையில் பெண்கள் வயலில் இறங்கினார்கள். கூலிப் பேச்சு அறுவடைவரை இழுத்தது. அடிதடி இல்லாமல் முடிந்தது. பொங்கலுக்கு முன்பே அண்ணன் திருச்சியில் வேலை கிடைத்துப் போய்விட்டான். சம்பா சுமாராகத்தான் விளைந்தது. நாற்றை நாள் கடந்து நட்டதுதான் காரணம் என்றார் அப்பா.