தென்னைக்குப் பாய்ந்த லாரித் தண்ணீர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், திருப்பூரை அடுத்த நெருப்பெரிச்சலுக்கு வடக்கே இருந்த என் அக்காவின் தோட்டத்தில், கிணற்று மோட்டாருக்கு மின்கட்டணம் கிடையாது. விவசாயிகளுக்கு அரசு கொடுத்த சலுகை அது. ஒரே நிபந்தனை, தண்ணீர் பயிருக்குத்தான் போக வேண்டும். மழை பொய்த்த அந்தக் கோடையில் அது சாயப்பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தது. பிடிபட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். புதிய இணைப்புக்கு விண்ணப்பித்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் அந்த ஊரிலேயே இருந்தார்கள்.

நான் போயிருந்த அன்று முற்பகல், மோட்டாரிலிருந்து டேங்கர் லாரிக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. லாரி நிரம்பும் நேரத்தில், தோட்டத்துக்கு வரும் வேலியோர மண்பாதையான இட்டேரியில் புழுதி எழுந்தது. ஒரு ஜீப்.

"கரண்டாபீசு வண்டிங்ணா. நா கெளம்பிடட்டுங்ளா?" என்றார் லாரி ஓட்டுநர்.

"இருக்கறது ஒரே வழி. அவிய மேலயே ஏத்தப் போறியா?" மச்சான் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினார். "பின்னாடி வால்வைத் தொற. பைப்பைத் தென்னைக்கு இழுத்து உடு. நாம தண்ணி விக்கல, வாங்கறோம்." என் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீ வாயத் தொறக்காத. பேப்பர்ல எழுதறவன்னு தெரிஞ்சா இன்னும் வம்பு."

அதிகாரி இறங்கியபோது, கீழ்மட்டைகள் காய்ந்து தொங்கிய தென்னையின் அடியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவரோடு வந்த வயர்மேன் பையுடன் மின்கம்பத்தடியில் போய் நின்றார்.

"மரஞ் சாகுதுங்க சார். வெலைக்கு வாங்கி ஊத்தறோம்," என்றார் மச்சான்.

"கிணறு இருக்கே?"

"வந்து பாருங்க. சேறுதான் கெடக்குது."

பார்த்தோம். சேறுதான். ஆனால் கிணற்றுச் சுவரில் ஆள் உயரத்துக்குக் கல் இன்னும் நனைந்திருந்தது. காலையில் தண்ணீர் அதுவரை நின்றிருந்தது. நான் பார்வையை விலக்கிக்கொண்டேன். அதிகாரி விலக்கவில்லை. பிறகு மோட்டார் மீது உள்ளங்கையை வைத்து, உடனே எடுத்தார்.

"சுடுதே."

"ஊத்து வந்திருக்குதான்னு போட்டுப் பார்த்தனுங்க."

அதிகாரி வயர்மேன் பக்கம் திரும்பினார். வயர்மேன் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்.

அப்போது அக்கா மண்வெட்டியோடு வந்தாள். மரத்தைச் சுற்றி வேகமாகப் பாத்தி கட்டத் தொடங்கினாள். "வாங்குன தண்ணி இட்டேரிக்கு ஓடுது. நின்னு பேசிட்டிருக்கறீங்ளே!" என்று மச்சானைத்தான் திட்டினாள்.

அதிகாரி அவளைச் சற்று நேரம் பார்த்தார். "அம்மா சொல்றது சரி. ஒரு சொட்டு வீணாகக் கூடாது. லாரி காலியாகட்டும், இருந்து பார்த்துட்டே போறேன்." வேப்பமர நிழலில் போய் நின்றுகொண்டார்.

ஓட்டுநர் முணுமுணுத்தார்: "பட்டறையில என்னையச் சாயத்தொட்டில முக்கி எடுக்கப் போறாங்க."

"எந்தக் கலர்ல?" என்றாள் அக்கா, நிமிராமல்.

யாரும் சிரிக்கவில்லை. குழாய் மரத்துக்கு மரம் நகர்ந்தது. கடைசியில் அதிகாரி நிழலிலிருந்து வந்து டேங்கைத் தட்டினார். வெற்றுச் சத்தம் கேட்டது. கம்பத்தை விட்டு வரச்சொல்லி வயர்மேனுக்குச் சைகை காட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

"இனி இந்தப் பக்கம் அடிக்கடி வருவேன். வந்ததும் இந்த மரங்களைத்தான் பார்ப்பேன்."

லாரி காலியாகத் திருப்பூருக்குத் திரும்பியது. பொழுது சாயும்போது கிணற்றில் முழங்கால் அளவு தண்ணீர் ஊறியிருந்தது. மச்சான் சுவிட்சில் கை வைத்தபடி இட்டேரியையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே யாரும் இல்லை. மோட்டார் பைப்பு இன்னும் லாரி நின்ற பக்கமே கிடந்தது.

"பைப்பு எந்தப் பக்கங்க?" என்றாள் அக்கா.

அவர் போய், பைப்பின் வாயைத் தென்னைப் பாத்தியில் வைத்துவிட்டு வந்து மோட்டாரைப் போட்டார்.