தள்ளி நிக்கேன் அத்தான்

பேய், ஆவி சமாச்சாரமெல்லாம் எனக்கு எப்போதும் ஒத்துவராது. நான் கார் எலக்ட்ரீசியன். தாராவியில், தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், இருபத்திநாலு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். விளக்கு எரியவில்லையா, பல்பு போயிருக்கும், ஃபியூஸ் போயிருக்கும், வயர் அறுந்திருக்கும், இல்லாவிட்டால் வண்டியின் தகட்டோடு சேர வேண்டிய எர்த் கிடைக்காது. இந்த நாலைத் தாண்டி ஐந்தாவதாக ஒரு காரணத்தை நான் பார்த்ததே இல்லை. அதனால் நான் சொல்வதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. கோபப்படத் தெம்பும் இல்லை.

முதலில் இசக்கிமுத்துவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி பேச்சியின் தம்பி. கடை போட்ட இரண்டாம் வருஷம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து என்னோடு சேர்ந்தான். விளக்கு வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சுவிட்ச் போட வேண்டும், இன்னொருவன் வண்டிக்குப் பின்னால் நின்று எரிகிறதா இல்லையா என்று குரல் கொடுக்க வேண்டும். நான் உள்ளே, அவன் வெளியே. "வலது?" என்பேன். "எரியிது அத்தான்" என்பான். "பிரேக்?" என்பேன். "எரியிது." இருபது வருஷமாக நாங்கள் பேசியதில் முக்கால்வாசி இதுதான் என்றால் நம்புங்கள்.

ரிவர்ஸ் விளக்கைக் கடைசியில்தான் பார்ப்போம். சந்து குறுகல், வண்டியின் பின்பக்கம் சுவரைப் பார்த்துத்தான் நிற்கும், நடுவில் இரண்டு முழம் இடம் இருந்தால் அதிகம். அதனால் ரிவர்ஸ் கியர் போடுவதற்கு முன்னால் நான் "தள்ளி நிக்கியாலே?" என்று கேட்க வேண்டும், அவன் "தள்ளி நிக்கேன் அத்தான்" என்று சொல்ல வேண்டும், அதற்கப்புறம்தான் கியரில் கை வைக்கலாம். எங்களுக்கு நாங்களே போட்டுக்கொண்ட சட்டம் அது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் நான் கேட்கவில்லை. காலையிலிருந்து ஏழாவது வண்டி, உடம்பெல்லாம் அலுப்பு, பேட்டரி வீக்காக இருக்கிறதே என்று இன்ஜினை வேறு ஓடவிட்டிருந்தேன். கியரைப் போட்டேன், கிளட்சிலிருந்து கால் நழுவியது. வண்டி ஒரே ஒரு குதி குதித்தது, அவ்வளவுதான். அவன் இடுப்பு சுவருக்கும் பம்பருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தான்.

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவனே அவன் அக்காவிடம் சொல்லிவிட்டான், "ஹேண்ட்பிரேக் போட மறந்துட்டேன்க்கா, வண்டி தானா உருண்டுட்டு" என்று. நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து பேச்சி போடுகிற சோற்றைத் தலையைக் குனிந்துகொண்டுதான் தின்கிறேன். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தினமும் படுத்துவிடுவேன். இப்படி இரண்டு வருஷம் ஓட்டினேன்.

அவன் போன பிறகு வேறு ஆள் வைக்க மனசு வரவில்லை. பழைய பீரோவிலிருந்து கழற்றிய கண்ணாடி ஒன்றைப் பின்சுவரில் சாய்த்து வைத்து, அதில் பார்த்துக்கொண்டே வேலை செய்யப் பழகிக்கொண்டேன். ரிவர்ஸ் விளக்கு மட்டும் பார்ப்பதில்லை. கேட்டால், கண்ணாடியில் சரியாகத் தெரியாது என்று ஏதாவது சொல்லித் தட்டிக்கழிப்பேன்.

போன ஜூலையில் நல்ல மழை நாள், மத்தியானம் மூன்று மணி இருக்கும். மாட்டுங்காவிலிருந்து ஒரு சார் வந்தார், ஏதோ ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அதற்கு முன்னால் நான் அவரைப் பார்த்ததில்லை. பதினைந்து வருஷம் ஓடிய வெள்ளைக் கார், ஆனால் பிள்ளை மாதிரி துடைத்து வைத்திருந்தார்.

"நாளைக்கு ஆர்.டி.ஓ.ல வண்டியைக் காட்டணும்ப்பா. வலது இண்டிகேட்டர் எரிய மாட்டேங்கறது. இப்படியே போனா திருப்பி அனுப்பிடுவா" என்றார்.

"உக்காருங்க சார், பாத்துருதேன்" என்றேன். எதிரில் இருந்த டீக்கடைத் தார்ப்பாய்க்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வலது பக்கம் போட்டால் டேஷ்போர்டில் டிக்டிக்டிக் என்று அவசர அவசரமாக அடித்தது. ஒரு பல்பு வேலை செய்யாவிட்டால் அப்படித்தான் அடிக்கும். பின் விளக்கைத் திறந்து பல்பை மாற்றினேன், எரியவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரிய வைக்கிற ஃபிளாஷரை மாற்றினேன், அதே டிக்டிக்டிக். விளக்கின் கண்ணாடி மூடியை மாட்டிவிட்டு மறுபடி சீட்டில் போய் உட்கார்ந்தேன். பீரோ கண்ணாடி மழையில் நனைந்து ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் இறங்கி, நனைந்து, பின்னால் போய்ப் பார்த்து, திரும்பி வந்து ஏற வேண்டியிருந்தது. முழங்கால் இரண்டும் விட்டுப் போயிற்று. ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, இறங்க முடியாமல் சீட்டில் அப்படியே சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். சுவிட்ச் மட்டும் போட்டபடி இருந்தது.

பழக்கதோஷம், "வலது?" என்று கேட்டுவிட்டேன்.

"எரியல அத்தான்."

இந்த இடத்தில்தான் யாரும் என்னை நம்ப மாட்டார்கள். நான் பயப்படவே இல்லை. அலுப்பில் அது எனக்கு உறைக்கவே இல்லை. இருபது வருஷம் கேட்ட குரல், கேட்க வேண்டிய நேரத்தில் கேட்டது. நான் பாட்டுக்கு அடுத்ததைக் கேட்டேன்.

"இடது?"

"எரியிது."

"பிரேக்?"

"ரெண்டும் எரியிது. பிரேக் மிதிக்கும்போது வலது இண்டிகேட்டரும் கூடச் சேந்து மங்கலா முழிக்கி. எர்த் கிடைக்கல அத்தான். இருங்க, தாள் வைக்கேன்."

பின்னால் விளக்கு மூடியின் ஸ்க்ரூ கழலும் சத்தம் கேட்டது. ஸ்க்ரூவைத் தகர டப்பாவில் போடுகிற சத்தமும் கேட்டது.

"இப்பப் போடுங்க."

போட்டேன். அதுவரை டிக்டிக்டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது, சட்டென்று நிதானத்துக்கு வந்து, டிக், டிக் என்று விட்டுவிட்டு அடித்தது. அதை நான் இந்தக் காதால் கேட்டேன். குரலை வேண்டுமானால் என் பிரமை என்று சொல்லுங்கள், அந்த டிக் டிக்கை என்ன சொல்வீர்கள்?

"ஆச்சு" என்றான். அப்புறம், "ரிவர்ஸும் பாத்துருங்க அத்தான். தள்ளி நிக்கேன்."

என் கை கியர் வரைக்கும் போய்விட்டது. அப்போதுதான் உறைத்தது. கை அப்படியே நின்றது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. அன்றைக்குக் கேட்காததை இன்றைக்காவது கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. "தள்ளி நிக்கியாலே?" என்று கேட்டேன்.

பதில் இல்லை. மழைதான் பெய்துகொண்டிருந்தது.

இறங்கிப் பின்னால் போனேன். யாரும் இல்லை. வலது இண்டிகேட்டர் பளிச்சென்று எரிந்து எரிந்து அணைந்துகொண்டிருந்தது. விளக்கு மூடி கழற்றிய நிலையில் பம்பர் மேல் இருந்தது. நான் அதை மாட்டிவிட்டுத்தான் சீட்டில் ஏறினேன் என்று சத்தியம் செய்வேன். பல்பு ஹோல்டருக்கு அடியில் சிகரெட் பாக்கெட் வெள்ளித்தாள் ஒரு துண்டு சொருகியிருந்தது. எர்த் லூசாக இருந்தால் இசக்கி அப்படித்தான் வைப்பான். தாளை நாலாக மடித்து, ஒரு ஓரத்தை மட்டும் பீடா மடிப்பது போல உள்ளே திருகி வைப்பான். வேறு யாரும் அப்படி மடித்து நான் பார்த்ததில்லை. நான் சிகரெட் பிடிக்கிறவனும் இல்லை.

சார் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். "எரியறதே! பேஷ்" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரோடப்பா பேசிண்டிருந்தேள் இவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

"எனக்கு நானே பேசிக்கிட்டேன் சார்" என்றேன். வேறு என்ன சொல்ல?

வெள்ளித்தாளை அப்படியே விட்டு மூடியை மாட்டினேன். வண்டி போனதும் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன். பேச்சி குழாயில் டிரம்முக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். நனைந்த சட்டையோடு நின்றபடியே மத்தியானம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"தள்ளி நிக்கேன்னு அவனாவாச் சொன்னான்? நீங்க கேட்டதுக்கா?"

"அவனாத்தான் சொன்னான்."

"அன்னைக்கு?"

டிரம் நிரம்பித் தண்ணீர் தரையில் ஓடியது. அவள் குழாயை மூடவில்லை.

"அன்னைக்கு நான் கேக்கவே இல்ல பேச்சி. கேக்காமக் கியரப் போட்டுட்டேன்."

பிறகு குழாயை மூடினாள். "தெரியும்" என்றாள். "ஹேண்ட்பிரேக் போடாம எறங்குதவனா அவன்? நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். ரெண்டு வருசம்."

அவள் அழவில்லை. அன்றைக்குச் சோறு போட்டாள், எதிரில் உட்கார்ந்துகொண்டாள். நான்தான் அழுதேன்.

இதோடு முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். பிரமை, அலுப்பு, முன்னால் எவனோ மெக்கானிக் வைத்த தாள் என்று ஏதாவது சொல்லி மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். போன மாதம் அந்த சார் ஹாரன் வேலைக்காக மறுபடி வந்தார். "நீங்க பண்ணின இண்டிகேட்டர் ஒரு நாள் கூட மக்கர் பண்ணலை" என்றார். ஹாரனை முடித்துவிட்டு, அவர் டீக்கடைப் பக்கம் போன சமயத்தில் பின் விளக்கு மூடியைக் கழற்றிப் பார்த்தேன்.

வெள்ளித்தாள் இல்லை. ஹோல்டரின் அடியெல்லாம் துரு தின்று, எர்த் தகடு ஒடிந்து தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பல்பு எதையுமே தொடவில்லை. டெஸ்ட் லாம்ப் வைத்து மூன்று தடவை பார்த்தேன், எர்த் சுத்தமாக இல்லை. எழுந்து போய் வலது பக்கம் சுவிட்சைப் போட்டேன். டிக், டிக் என்று நிதானமாக அடித்தது. பின்னால் வந்து பார்த்தால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பெரிதாக ஒன்றும் செய்யவில்லை நான். எதையும் தொடாமல் மூடியை மாட்டி ஸ்க்ரூவை முடுக்கினேன். அன்றைக்கு அவன் பார்க்கச் சொன்ன ரிவர்ஸ் விளக்கு ஒன்றுதான் பாக்கி. சீட்டில் உட்கார்ந்து, கியரில் கை வைக்காமல், "தள்ளி நிக்கியாலே?" என்று கேட்டேன். சார் டீ குடித்துவிட்டு வந்து கதவைத் தட்டும் வரைக்கும் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.