ஆறாம் இடத்துக்கு முன் காலியான மண்டபம்

எங்கள் வட்டாரச் சபைத் தேர்தலுக்கு என்னை இழுத்து விட்டவர் கீழ்வீட்டு நோர்வேஜியப் பெண்மணி. தபால் பகிர்பவர், கட்சியில் பழைய ஆள். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. எங்கள் புறநகரான மோர்டென்ஸ்ருட்டில் எந்தப் படிக்கட்டில் ஏறினாலும் ஒரு தமிழ் வீட்டில் கறி கொதிக்கும்.

என் குசினியில் தேநீர் குடித்தபடி அவர் எல்லாவற்றையும் விளக்கினார். முதலில் கட்சிக்குள் ஒரு தெரிவு. பட்டியலில் யாருக்கு எந்த இடம் என்று உறுப்பினர்கள் மட்டும் வாக்களிப்பார்கள். மற்றவர்கள் வந்தால் வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். பிறகு தேர்தல். அதில் எந்த வாக்காளரும் பட்டியலில் தனக்குப் பிடித்த பெயருக்குப் பக்கத்தில் அடையாளம் போட்டு அந்த ஆளை மேலே தூக்கலாம். அந்த அடையாளத்துக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டார். புள்ளடி என்றேன். இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

ஐந்தாம் இடத்துக்கு நானும் ஆறாம் இடத்துக்கு அவரும் நிற்பதாக முடிவாயிற்று. இருவருக்கும் எதிராளிகள் இருந்தார்கள். அதனால் எங்கள் ஆட்களை நேரத்தோடு உறுப்பினராக்க, வேலை முடிந்த கையோடு என்னுடன் வீடு வீடாக ஏறி இறங்கினார். தந்த பலகாரத்தையெல்லாம் மறுக்காமல் சாப்பிட்டார்.

கூட்டத்தன்று மண்டபத்தில் பாதி எங்கள் சனம். ஐந்தாம் இடத்துக்கு வாக்கு கேட்டதும் உறுப்பினர்களின் வாக்கு அட்டைகள் ஒன்றாக உயர்ந்தன. வென்றுவிட்டேன். உடனே எங்கள் ஆட்கள் எழுந்து, கல்யாண வீட்டில் போல வரிசையாக வந்து என் கையைக் குலுக்கினார்கள். தலைவர் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். குளிர்ச்சட்டைகள் சரசரத்தன.

"எங்கடை அலுவல் முடிஞ்சுது அண்ணை, வெளிக்கிடுவமே?" என்றார் ஒருவர்.

"இன்னும் முடியேல்லை, இருங்கோ" என்றேன். அவர் அதை உபசாரம் என்று நினைத்துக்கொண்டார். சாப்பிடாமல் போகிறீர்களே என்று சொல்வது போல. பிள்ளைக்கு நடன வகுப்பு என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் எல்லாரும் போனார்கள். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அதைவிட அதிகமாக வெட்கம்.

ஆறாம் இடத்துக்கு வாக்கு கேட்டபோது வெறும் கதிரைகள் நடுவே என் அட்டை தனியாக நின்றது. முன்வரிசையில் அந்தப் பெண்மணியின் நண்பர்கள் சிலர் உயர்த்தினார்கள். போதவில்லை. ஒப்புக்குக் கீழே ஓரிடம் தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டார். வெளியே வந்ததும் எனக்கு வாழ்த்துச் சொன்னார். நான் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு படிக்கட்டில் அவருடைய காலடி கேட்டால் கதவுக்குப் பின்னால் நின்று, அவர் போன பிறகே வெளியே வருவேன். அப்படியே ஒரு குளிர்காலம் போயிற்று.

தேர்தலுக்கு முந்திய சனிக்கிழமை, என் படம் போட்ட துண்டுப் பிரசுரங்களோடு ரயில் நிலையத்துக்குப் போனேன். எனக்கு முன்பே அவர் அங்கே நின்றார். நடன வகுப்பென்று போன அதே மனிதரை மறித்து, தன் பெயர் இல்லாத பட்டியலை அவர் முன்னே பிடித்து, என் பெயரில் விரலை வைத்திருந்தார்.

"இஞ்சை," என்றார் தமிழில். "புள்ளடி."

அந்த மனிதர் தலையாட்டினார். அந்தப் பெண்மணி யாரென்று அந்த மனிதருக்கு நினைவே இருக்கவில்லை. நான் பிரசுரங்களைப் பைக்குள் திணித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தேன்.