பாதி வெளுத்த பச்சைச் சேலை

போன வாரம் பையன் எனக்கு ஒரு சட்டை வாங்கி வந்தான். நீலத்தில் மெல்லிய கோடு போட்டது. இருக்கிற சட்டைகளே பதினொன்று, அதில் நான் போடுவது நான்கு. அதைச் சொன்னால் அவன் முகம் வாடும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். சட்டையின் உள்பக்கம், விலாவில் உறுத்துகிற இடத்தில், ஒரு சின்னத் துணிச்சீட்டு தைத்திருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஆறு படங்கள். ஒன்று தொட்டி, ஒன்று இஸ்திரிப்பெட்டி, மற்ற நான்கும் எனக்குப் புரியவில்லை. அடியில் மட்டும் இரக்கப்பட்டு எழுத்தில் போட்டிருந்தார்கள், நிழலில் உலர்த்தவும் என்று.

"அதுல என்ன அவ்வளவு நேரமாப் படிக்கிறீங்க? நாளைக்குப் பரீட்சையா?" என்றாள் என் மனைவி கமலா.

நிழலில் காயப்போடச் சொல்கிறார்கள் என்றேன். அவள் சிரித்தாள். அவள் சிரித்தது எதற்கு என்று எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிய வேண்டுமானால் நான் கள்ளிக்குப்பத்துக்குப் போக வேண்டும். நாற்பது வருடம் இருக்கும். இப்போதெல்லாம் அவ்வளவு தூரம் போய்த் திரும்பினாலே களைப்பாக இருக்கிறது.

கல்யாணமான புதிது. அம்பத்தூரில் எனக்குக் குமாஸ்தா வேலை. கள்ளிக்குப்பத்தில் வரிசையாக நான்கு குடித்தனங்கள் இருந்த ஒரு லைன் வீட்டில் மூன்றாவது எங்களுடையது. உள்ளே ஒன்றரை அறை. ஆனால் மேலே, நான்கு வீட்டுக்கும் சேர்த்து, ரயில் பெட்டி மாதிரி நீளமான ஒரே மொட்டை மாடி. அதில் ஏழு கொடிகள். மேற்கு ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி, அதன் அடியில் கொஞ்சம் நிழல். மற்றதெல்லாம் வெயில். காலையில் போட்ட துண்டு மத்தியானம் அப்பளம் போல விறைத்து நிற்கும். அதில் முகத்தைத் துடைத்தால் தோல் எரியும். அந்த வாசனை ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? வறுத்த மாவுக்கும் சுட்ட மண்ணுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. எந்தச் சோப்புக் கம்பெனிக்காரனும் அதைப் பொட்டலத்தில் அடைக்கவில்லை.

வெயில் இரண்டு வேலை செய்யும். வெள்ளையை இன்னும் வெள்ளையாக்கும், வண்ணத்தைத் தின்றுவிடும். என் வெள்ளைச் சட்டைகளுக்கு அது வைத்தியம். அடுத்த குடித்தனத்து மும்தாஜுக்கு அதுவே விரோதி. அவளுடைய கறுப்புப் புர்கா வெயிலில் கிடந்தால் தோள்பட்டையில் துருப்பிடித்தது போலச் செம்மை ஏறிவிடும். அதனால் கொடிக்காக எங்களுக்குள் சண்டை வந்ததே இல்லை. நாங்கள் வெயிலை எடுத்துக்கொண்டோம், அவள் தொட்டி நிழலை எடுத்துக்கொண்டாள்.

அந்த மாடிக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் துணியையும் யாரும் தொடலாம். மழை வந்தால் முதலில் பார்த்தவர் எல்லாத் துணியையும் வாரிக்கொண்டு வருவார். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து பிரித்துக்கொள்வோம். காயாத துணியை இடம் மாற்றிப் போடுவார்கள், கிளிப் விழுந்தால் மாட்டிவிடுவார்கள். எங்கள் மானம் முழுக்க அந்தப் படிக்கட்டில் அடுத்தவர் கையில் இருந்தது. கடைசி வீட்டு ஆட்டோக்கார மணி என் பனியனை விரித்துப் பிடித்து, "இன்னா சார், நாலு ஓட்டை கீது. காத்து நல்லா வர்தா?" என்பான். நான்கு இல்லை, ஐந்து. நான் எண்ணியிருக்கிறேன்.

கமலா பி.எட். படித்தவள். அம்பத்தூரில் ஒரு பள்ளிக்கு எழுதிப்போட்டிருந்தாள். ஒரு சித்திரை மாதம், புதன்கிழமை நேரில் வரச் சொல்லிக் கார்டு வந்தது. பருத்திச் சேலையில் வர வேண்டும் என்று அடியில் ஒரு வரி. அவளிடம் பார்க்கும்படியாக இருந்த பருத்திச் சேலை ஒன்றே ஒன்று, மாவிலைப் பச்சை. ஒரு விருந்தில் அதில் சாம்பார் சிந்திவிட்டது. சனிக்கிழமை விடியலில் துவைத்து, நான்காக மடித்துத் தொட்டி நிழலில் போட்டுவிட்டு, ஆவடியில் என் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து என்று கிளம்பிப் போனோம். ஞாயிறு இருட்டுகிற நேரத்துக்குத்தான் திரும்பினோம்.

இடையில் நடந்தது இதுதான். தொட்டி நிரம்பி வழிந்து சேலை மேல் சொட்டியிருக்கிறது. மும்தாஜ் அதைப் பார்த்து, இப்படியே விட்டால் நாற்றம் எடுக்கும் என்று வெயில் கொடிக்கு மாற்றியிருக்கிறாள், ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம் என்று. அதற்குள் பூந்தமல்லியில் இருந்து ஆள் வந்தது, அவள் அம்மாவுக்கு முடியவில்லை என்று. அப்படியே ஓடிவிட்டாள். மற்றவர்கள் கமலாதான் அங்கே போட்டிருக்கிறாள் என்று நினைத்துத் தொடவில்லை. இரண்டு நாள் சித்திரை வெயில் முழுதாக அதன் மேல் இறங்கியிருக்கிறது.

விரித்துப் பார்த்தோம். மேலே இருந்த மடிப்பு மட்டும் வெளுத்து வெள்ளரிக்காய்த் தோல் நிறமாகியிருந்தது. உள்ளே இருந்த மூன்று மடிப்பும் பழைய பச்சை. நடுவில் அளவுகோல் வைத்துக் கிழித்தது போல ஒரு கோடு. மணி எட்டிப் பார்த்தான். "இன்னாம்மா இது, ரெண்டு கட்சிக்கும் ஒரே கொடியா?" என்றான். கமலாவின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு இறங்கிப் போனான்.

அந்த வேலை எங்களுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை இப்போது சொன்னால் நாடகம் போல இருக்கும். அவளுக்கு அது சம்பளம் மட்டும் இல்லை. அந்த ஒன்றரை அறையில், நான் ஆபீஸ் போன பிறகு, மத்தியானங்களில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன் என்று ஒரு தடவை சொன்னாள். ஒரே ஒரு தடவைதான். வேறு சேலை வாங்கலாம் என்றால் மாதக் கடைசி. மீதமிருந்தவை கல்யாணப் பட்டும், பளபளவென்ற நைலக்ஸ் இரண்டும்.

நான் வழக்கம்போலக் கவலைப்பட ஆரம்பித்தேன். கோடு உள்ளே போகிற மாதிரி கொசுவம் வைக்க முடியுமா, முந்தானையைத் திருப்பிப் போட முடியுமா என்று வகை வகையாகச் சொன்னேன். அவள் கேட்கவே இல்லை. சேலையை ஒரு தடவை உதறிவிட்டுச் சொன்னாள்.

"மிச்சத்தையும் வெயில்ல போடுங்க."

"என்ன?"

"ஒரு மடிப்ப வெளுக்க வச்ச வெயிலு மத்த மூணையும் வெளுக்க வைக்காதா? திங்கள், செவ்வாய், ரெண்டு நாள் இருக்கு."

"முழுசாக் கெட்டுப் போயிட்டா?"

"இப்ப மட்டும் என்ன நல்லாவா இருக்கு?"

திங்கட்கிழமை ஆபீசுக்கு வயிற்றுப்போக்கு, இரண்டு நாள் வர முடியாது என்று சொல்லி அனுப்பினேன். சேலையை நனைத்து மாடித் தரையில் நீளவாக்கில் விரித்தோம். ஏற்கெனவே வெளுத்த பாகத்தை என் லுங்கி இரண்டால் மூடினோம். ஈரமான துணியில் வெயில் சீக்கிரம் வேலை செய்யும் என்று கமலா சொன்னதால் நான் சொம்பும் கையுமாக நின்று தெளித்துக்கொண்டே இருந்தேன். காற்றுக்குப் பறக்காமல் இருக்கச் செங்கல் வைத்தேன், பதினான்கு. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, செங்கலுக்கு அடியில் வெயில் படாதே! பதினான்கு பச்சைச் சதுரத்தோடு ஒருத்தி நேர்காணலுக்குப் போனால் எப்படி இருக்கும்? அதிலிருந்து, தெளிப்பதும் செங்கலை நகர்த்துவதுமாகக் குனிந்து நிமிர்ந்து என் இடுப்பு போயிற்று. இன்று வரை அது முழுதாகத் திரும்பி வரவில்லை.

அன்று மாலை மும்தாஜ் வந்துவிட்டாள். அம்மாவுக்குத் தேவலை. மாடிக்கு ஏறி வந்து பார்த்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "கமலாக்கா, நான் நல்லதுக்குத்தான்க்கா போட்டேன். என் புர்காவ வெயில்ல காட்ட மாட்டேன், உன் சேலையக் கொண்டுபோய் வெயில்ல போட்டுட்டுப் போயிட்டேனே" என்று அழுதாள். கமலா அவள் பக்கம் திரும்பாமல் செங்கற்களைப் பொறுக்கி அடுக்கினாள். மறுநாள் காலை மும்தாஜ் கேட்காமலே வந்து, குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்து காக்காய் விரட்டினாள். ஒரு காக்காய் எச்சம் போட்டால் எல்லாம் முடிந்தது. இரண்டு பெண்களும் ஒரே மாடியில், நடுவில் ஒரு சேலை நீளத்துக்கு மௌனம்.

செவ்வாய் மத்தியானம், இன்னும் கொஞ்சம் பச்சை பாக்கி இருக்கும்போது, மேற்கே மேகம் ஏறியது. சித்திரையில் மேகம்! வெளிச்சம் மங்கியது. நான் வானத்தைப் பார்த்தேன், சேலையைப் பார்த்தேன், கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மும்தாஜ் குடையை மடக்கிவிட்டு இரண்டு கையையும் மேலே ஏந்தினாள்.

"யா அல்லா, ஊரே இந்த வெயில வையுது. எங்களுக்கு மட்டும் இன்னும் ரெண்டு மணி நேரம் குடேன்."

கமலா முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பினாள். "நல்லாக் கேளு. எங்க புள்ளையாருக்குக் காலையிலயே தேங்கா உடைச்சேன், ஒண்ணும் நடக்கல."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்கும்போது மும்தாஜ் மறுபடி அழுதாள். கமலா சொம்புத் தண்ணீரை அவளிடம் நீட்டினாள். மேகம் எந்தப் பக்கம் போனது என்று நான் கவனிக்கவில்லை. வெயில் திரும்பி வந்தது.

புதன்கிழமை காலை அந்தச் சேலை ஒரே நிறத்தில் இருந்தது. ஒரே நிறம் என்றால், ஏறக்குறைய. கீழ் ஓரத்தில் செங்கல் தடம் மூன்று இருந்தது. அவற்றைக் கொசுவத்துக்குள் மடக்கி வைத்து, மும்தாஜ் மண்டி போட்டு ஊக்கு குத்திவிட்டாள். மணி தன் ஆட்டோவிலேயே கொண்டுபோய்விட்டான். "டீச்சரம்மா, வேலை கெடச்சா மாசச் சவாரி நம்ம வண்டிக்குத்தான்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனானாம்.

வேலை கிடைத்தது. சேலையைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று ஆவலோடு கேட்டேன்.

"யார் பாத்தா? கேள்வி கேட்ட அந்தம்மா கடைசி வரைக்கும் என் சர்ட்டிபிகேட்ட விட்டுத் தலையத் தூக்கல" என்றாள் கமலா.

அந்தச் சம்பளம் எங்களைக் கள்ளிக்குப்பத்தில் இருந்து வெளியே கொண்டுவந்தது. முதலில் அம்பத்தூரில் இரண்டு அறை வீடு, மாடியில் பாதி வீட்டுக்காரருக்கு. பிறகு ஆவடியில் மூன்று அறை வீடு, கொடி கட்டப் பின்பக்கச் சந்து மட்டும். இப்போது பையன் வாங்கின இந்த நான்காவது வீடு, காட்டுப்பாக்கத்தில், ஐந்து மாடியில் இரண்டாவது. கணக்குப் பார்த்தால் ஒவ்வொரு வீடும் முந்தையதைவிடப் பெரியது, ஒவ்வொன்றிலும் வெயில் முந்தையதைவிடக் குறைவு. இங்கே மொட்டை மாடி இருக்கிறது. அதில் வரிசையாக சோலார் பலகை, கதவுக்குப் பூட்டு. வெயிலுக்கு வேறு உத்தியோகம் கிடைத்துவிட்டது. துணிகள் இயந்திரத்துக்குள் சுற்றி வெதுவெதுப்பாக வெளியே வருகின்றன, எந்த வாசனையும் இல்லாமல்.

போன ஐப்பசியில் பக்கத்து வீட்டுப் பால்கனியில் ஒரு புதுச் சேலை மழையில் நனைந்துகொண்டிருந்தது. கைநீட்டினால் எட்டும். நான் நீட்டவில்லை. அழைப்பு மணியை அடித்தேன், கதவு திறக்கவில்லை. பிறகு காவலாளியிடம் சொன்னேன். "எதுக்கு சார் உங்களுக்கு வம்பு? அவங்க துணிய அவங்க பாத்துக்குவாங்க" என்றார். சரிதான் என்று வந்துவிட்டேன்.

மும்தாஜ் இப்போது பூந்தமல்லியில் மகனோடு இருக்கிறாள். ரம்ஜானுக்கு ரம்ஜான் போனில் பேசுவாள். அந்த லைன் வீடு இருந்த இடத்தில் கார்கள் நிறுத்துகிறார்கள்.

எங்கள் பால்கனிக்குப் பத்து மணி வாக்கில் இரண்டு கட்டடங்களுக்கு இடையே ஒரு கீற்று வெயில் வரும், ஒரு ஆள் உட்காருகிற அகலத்துக்கு. நேற்று அதில் என் துண்டைப் போட்டேன். கமலா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள், முழங்கால் வலி.

"அத எடுங்க. எனக்கு வேணும் அந்த எடம்."

துண்டை எடுத்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, சேலையை முழங்கால் வரை ஏற்றிக்கொண்டு, கால்களை நீட்டினாள். ஒரு முழங்காலுக்குத்தான் வெயில் இருந்தது. கொஞ்சம் பொறுத்து நாற்காலியை நகர்த்தி, மற்றதையும் காட்டினாள்.